வகுப்பில் பறக்கிற நாய், போட்டியில் ஏன் மோந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது?

முதலில் உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன், நான் எங்காவது தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள். ஷெல்டரிலிருந்து எடுத்து வளர்க்கும் கலப்பின நாய், பெயர் கருப்பன், இரண்டரை வயது, தோள்பட்டை உயரம் 19 அங்குலம். ஒரு வருடத்துக்கு மேலாக வாரம் ஒரு அஜிலிட்டி வகுப்பு, அதாவது நாய் தன் ஆளின் சைகையைப் பார்த்து வரிசையாகத் தடைகளைக் கடந்து ஓடும் விளையாட்டு. வகுப்பில் டனல், ஜம்ப், வீவ் போல் (வளைந்து வளைந்து கடக்கும் கம்ப வரிசை) எல்லாவற்றிலும் பறக்கிறான், பயிற்சியாளரே பாராட்டுகிறார். அமெரிக்கன் கென்னல் கிளப்பின் (ஏகேசி) நாவிஸ் என்ற ஆரம்பநிலைப் பிரிவில் மூன்று டிரையலுக்கு, அதாவது போட்டிக்கு, கொண்டுபோனீர்கள். மூன்றிலும் முதல் மூன்று நான்கு தடைகளை ஒழுங்காக முடித்துவிட்டு, மூக்கைத் தரையில் வைத்து மோந்து பார்க்க ஆரம்பித்தான். ஒரு முறை வேலியோரமாக வட்டமடித்து ஓடினான், ஒரு முறை ஓரமாக உட்கார்ந்திருந்தவர்களிடம் போய் வாலாட்டிக்கொண்டு நின்றுவிட்டான். "அவன் உங்களை மதிக்கவில்லை, குரலை உயர்த்துங்கள்" என்று ஒருவர் சொன்னார், "இதுக்கு பார்டர் கோலிதான் சரி" என்று இன்னொருவர் சொன்னார். இப்போது நீங்கள் கேட்பது: இன்னும் நிறைய டிரையலில் இறக்கினால் பழகிவிடுவானா, கண்டிப்பு காட்டலாமா, இல்லை விட்டுவிடலாமா?

கேள்வி இப்படி இருந்தாலும், கடைசியில் "அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இவனுக்கு இந்த விளையாட்டு பிடித்திருக்கிறதா, இல்லை என் ஆசைக்காக நான் இவனை இழுத்துக்கொண்டு அலைகிறேனா என்பதுதான் அது. அதற்கு இப்போதே விடை தெரியாது. விடை தெரிகிற இடம் வரைக்கும் எப்படிப் போவது என்பதை மட்டும் சொல்ல முடியும். நான் ஒரு கிளப்பில் பல வருடங்களாக ஆரம்ப நிலை வகுப்பு எடுக்கிறேன், என் நாய்களோடு நானும் டிரையல் ஓடுகிறேன். கால்நடை மருத்துவர் இல்லை. கருப்பனை நேரில் பார்க்கவும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஓர் இடத்தில் கற்றதை நாய் தானாகவே இன்னோர் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போவதில்லை. சமையலறையில் "உட்கார்" என்றதும் உட்காருகிற நாய், பூங்காவில் அதே சொல்லைக் கேட்டு முழிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தக் கூடம், அந்த ரப்பர் தரை, அந்தப் பயிற்சியாளரின் குரல், உங்கள் இடுப்புப் பையில் இருக்கும் கோழித்துண்டு, நாலைந்து தடைக்கு ஒரு தரம் வாயில் விழும் தீனி, இத்தனையும் சேர்ந்ததுதான் கருப்பனுக்கு அஜிலிட்டி. டிரையலில் இதில் எது மிச்சம்? தடைகள் மட்டும்தான். வழக்கமான ஓட்டத்தில் தீனியோ பொம்மையோ ரிங்குக்குள், அதாவது போட்டிக் களத்துக்குள், கொண்டுபோக முடியாது. நீங்கள் கழற்றிப் போடும் லீஷை முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துக்கொண்டு போகிறார். கைகட்டிக்கொண்டு நிற்கும் ஜட்ஜ், நாய் நகர நகர அவரும் நகர்கிறார். நாய் ஏறிக் காத்திருக்க வேண்டிய டேபிள் மீது ஏறினால் பக்கத்தில் நின்று சத்தமாக ஐந்து நொடி எண்ணுகிறார். வெளியே பத்து இருபது நாய்கள் கூண்டு போன்ற க்ரேட்டுக்குள்ளிருந்து குரைக்கின்றன. ரிங் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஜம்ப்பின் கம்பி விழுந்தால் எழுந்து ஓடிவருகிறார்கள். வகுப்பில் இதில் ஒன்றுகூட அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மனிதக் கண்ணுக்கு ஒரே மாதிரி ஜம்ப்தான், அதனால் "இது அவனுக்குத் தெரியுமே" என்று நமக்குத் தோன்றுகிறது. ஜம்ப் அவனுக்குத் தெரியும். ரிங் தெரியாது. என்னைக் கேட்டால் ரிங் என்பதே ஒரு தடை, ஏ-ஃப்ரேம் என்ற கூரைச் சரிவு போல, டீட்டர் என்ற சீசா பலகை போல, தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய தடை. ஆரம்பநிலை வகுப்புகள் பெரும்பாலும் அதைக் கற்றுக்கொடுக்காமலேயே ஆட்களை டிரையலுக்கு அனுப்பிவிடுகின்றன. அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் நல்ல நாய்கள் பல இந்த ஒரே காரணத்தால் "பிடிவாதம்" என்று பெயர் வாங்கிக்கொண்டு போய்விடுகின்றன.

அடுத்து அந்த மோப்பம். நெருக்கடியில் இருக்கிற நாய் சம்பந்தமில்லாத ஒரு வேலையைச் செய்யும், தரையை மோந்து பார்ப்பது, உடம்பைச் சொறிவது, திடீரென்று கொட்டாவி விடுவது, இதெல்லாம் நாய்களின் நடத்தையைப் படிப்பவர்கள் நன்றாக அறிந்த விஷயம். வேலியோரம் வட்டமடித்து ஓடுவதும் பல நாய்களில் அதே நெருக்கடியின் இன்னொரு முகம்தான். வேடிக்கை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், நாய்க்கு அது கொண்டாட்டம் என்று நினைப்பார்கள், பெரும்பாலும் இல்லை. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை: எல்லா மோப்பமும் நெருக்கடி இல்லை. வெளியில் புல்தரையில் நடக்கும் டிரையலில் முந்தின நாள் முயல் ஓடிய தடம் இருக்கலாம், யாரோ சிந்திய தீனித்தூள் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க வீடியோ வேண்டும். உண்மையாகவே வாசனை பிடித்த நாய் ஓரிடத்தில் ஊன்றி நிற்கும், உடம்பு தளர்ந்திருக்கும், கூப்பிட்டால் காது கூடத் திரும்பாது. நெருக்கடியில் மோந்து பார்க்கிற நாய் உங்களைவிட்டு வளைந்து வளைந்து விலகும், வாய் மூடியிருக்கும், ஒரு காதோ ஓரக்கண்ணோ உங்கள் பக்கமே இருக்கும். அப்புறம், எந்த நொடியில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். நீங்கள் ஒரு கணம் குழம்பி நின்ற இடத்திலா? அடுத்த தடை டீட்டர் என்று தெரிந்த இடத்திலா? ஜட்ஜ் பக்கத்தில் வந்தபோதா? மூன்று டிரையலிலும் ஒரே மாதிரிச் சூழலில் ஆரம்பித்திருந்தால் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். உட்கார்ந்திருந்தவர்களிடம் போய் வாலாட்டினான் என்பதையும் நான் "ஊர் சுற்றுகிறான்" என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். தெரியாத ஆளைக் கண்டு பதறுகிற சில நாய்கள் நேராக அவரிடமே போய் சமாதானம் பேசும். கருப்பன் அப்படிப்பட்டவனா, இல்லை வெறுமனே எல்லாரையும் பிடித்துப்போகிறவனா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வலியைப் பற்றிப் பேசியாக வேண்டும். நாய் நொண்டாமலே வலியோடு ஓடும். 2013-ல் வெளியான, ஆயிரக்கணக்கான நாய்களைப் பற்றி அவற்றோடு ஓடும் ஹேண்ட்லர்களிடம் கேட்டு எடுத்த ஓர் ஆய்வில், சுமார் மூன்றில் ஒரு பங்கு அஜிலிட்டி நாய்களுக்கு ஒரு முறையாவது காயம் ஏற்பட்டிருப்பதாகத் தெரியவந்தது. அடிக்கடி அடிபடும் பகுதிகளில் தோள்பட்டை முன்வரிசையில் இருந்தது. இது உரிமையாளர்கள் சொன்னதை வைத்து வந்த கணக்கு, மருத்துவர் சோதித்து எழுதியது இல்லை, அதனால் எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். தோள்பட்டை பாடுபடுகிற விளையாட்டு இது என்பது மட்டும் நிச்சயம். கம்பியைத் தட்டிவிட ஆரம்பிப்பது, ஏ-ஃப்ரேம் உச்சியில் தயங்குவது, வீவ் போலில் வழக்கத்துக்கு மாறாகக் கடைசி இரண்டு மூன்று கம்பத்தை விட்டு வெளியே வந்துவிடுவது, காரில் ஏற யோசிப்பது, இதில் எது புதிதாக வந்திருந்தாலும் விளையாட்டு நாய்களைப் பார்த்துப் பழக்கமுள்ள மருத்துவரிடம், முடிந்தால் மறுவாழ்வு சிகிச்சை படித்தவரிடம், ஒரு முறை காட்டிவிடுங்கள். வகுப்பில் நன்றாக ஓடுகிறானே என்று கேட்பீர்கள். வகுப்பில் பத்து நொடி ஓட்டம், பிறகு வரிசையில் காத்திருப்பு. டிரையலில் முழுக் கோர்ஸ் (மொத்தத் தடை வரிசை), ஒரே நாளில் இரண்டு ஓட்டம், நடுவில் மணிக்கணக்கில் க்ரேட்டுக்குள் சுருண்டு படுத்து விறைத்துப்போன உடம்பு. 19 அங்குல நாய்க்கு ஏகேசி வழக்கமான பிரிவில் 20 அங்குலம் தாண்ட வேண்டும், உயரம் குறைத்த ப்ரிஃபர்டு பிரிவில் 16 அங்குலம் போதும். அவன் உடல்வாகு கனமானது என்றால் அந்தப் பிரிவுக்கு மாற்றுவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. ஓட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடேற்றுவது காயத்தைக் குறைக்கிறது என்பதற்கு நாய்களிடம் உறுதியான சான்று இன்னும் கிடையாது. இருந்தும் நான் க்ரேட்டிலிருந்து எடுத்தவுடன் எந்த நாயையும் தாண்டவிட மாட்டேன். நடக்கவைத்து, மெல்ல ஓடவைத்து, இரண்டு பக்கமும் சுற்றவைத்துத்தான் வாசலுக்குக் கொண்டுபோவேன்.

வலி இல்லை என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி உங்களைப் பற்றி. கோபித்துக்கொள்ள வேண்டாம், இது எல்லா ஹேண்ட்லருக்கும் பொருந்தும். நாய் உங்கள் வார்த்தையைவிட உடம்பைத்தான் முதலில் படிக்கிறது: எந்த வேகத்தில் ஓடுகிறீர்கள், கால் எந்தப் பக்கம் திரும்புகிறது, தோள் எங்கே பார்க்கிறது, கண் எங்கே இருக்கிறது. குரல் அதற்கெல்லாம் பிறகுதான். பதற்றமாக இருக்கிற மனிதர் ரிங்குக்குள் என்ன செய்கிறார்? அடுத்து எந்த எண் என்று தேடி நின்றுவிடுகிறார். மூச்சை அடக்கிக்கொள்கிறார். நாயின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார், ஆறாவது முறை அந்தப் பெயருக்கு எந்த அர்த்தமும் இருக்காது. வகுப்பில் வேகமாக ஓடிக்கொண்டே தெளிவாகக் கைகாட்டிய அதே ஆள் இங்கே பாதி வேகத்தில், நாய் தரையிறங்கிய பிறகு, தாமதமாகக் கைகாட்டுகிறார். எந்தப் பக்கம் திரும்புவது என்பதை நாய் தாண்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும், காற்றில் இருக்கும்போதோ இறங்கிய பிறகோ சொன்னால் பிந்திவிட்டது. தகவல் வராத நாய் அகலமாகப் போய் விழுகிறது, திரும்பி உங்களைப் பார்க்கிறது, உங்கள் முகம் இறுகியிருக்கிறது, உடனே மூக்கு தரைக்குப் போகிறது. இந்த வரிசையை எத்தனையோ வீடியோக்களில் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

நம் பதற்றம் நாய்க்குத் தொற்றுமா என்று ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் ஷெட்லாண்ட் ஷீப்டாக், பார்டர் கோலி நாய்கள் 58, அவற்றின் உரிமையாளர்கள் என்று இரு தரப்பின் முடியிலும் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலை அளந்தார்கள். நீண்டகால மன அழுத்தத்தின் அளவு இருவருக்கும் சேர்ந்தே ஏறி இறங்குவது தெரிந்தது, அதுவும் போட்டிகளில் கலந்துகொள்ளும் நாய்களிடம் இந்த ஒற்றுமை இன்னும் அழுத்தமாக இருந்தது. உரிமையாளரின் அழுத்தத்தை நாய் பிரதிபலிக்கிறது என்று அவர்கள் கருதினார்கள். இது மாதக்கணக்கில் சேரும் அளவு என்பதைக் கவனியுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் கை நடுங்கியதால்தான் கருப்பன் மோந்து பார்த்தான் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. ஆனாலும் நடைமுறையில் நான் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. அதனால் என் மாணவர்களிடம் வாக்-த்ரூ நேரத்தை, அதாவது ஓட்டத்துக்கு முன் நாய் இல்லாமல் கோர்ஸை நடந்து பார்க்கும் நேரத்தை, வேறு மாதிரி செலவழிக்கச் சொல்வேன். சில நிமிடம்தான் கிடைக்கும். முதல் சுற்றில் எண்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். இரண்டாவது சுற்றில் நாய் போகும் பாதையில் நீங்களே நடந்து அது எதைப் பார்க்கும் என்று பாருங்கள், தப்பான டனல் வாய் நேராகக் கண்ணில் படும் இடங்கள் அப்போதுதான் தெரியும். மூன்றாவது சுற்றில் உங்கள் பாதையை நிஜ வேகத்தில், கை அசைத்து, சத்தமில்லாமல் வாயசைத்து ஓடுங்கள். நாவிஸ் கோர்ஸுக்கு ஃப்ரன்ட் க்ராஸ் (நாய்க்கு முன்னால் பக்கம் மாறுவது) ஒன்று, ரியர் க்ராஸ் (பின்னால் பக்கம் மாறுவது) ஒன்று தெரிந்தால் போதும். வகுப்பில் நேற்றுக் கற்ற புதுத் திருப்பத்தை டிரையலில் முயன்று பார்க்காதீர்கள்.

இனி ரிங்கை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது. இதில் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன், மீதி எல்லாவற்றையும்விட இதுதான் உங்களுக்குத் தேவை. முதல் வேலை, தீனி உங்கள் உடம்பில் இல்லாவிட்டாலும் கிடைக்கும் என்று அவன் நம்ப வேண்டும். ஒரு மூடியுள்ள டப்பாவில் அவனுக்கு மிகவும் பிடித்ததை, வேகவைத்த கோழியோ சீஸோ, போட்டு வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலி மேல் வையுங்கள். அவன் பார்க்கட்டும். ஓரடி தள்ளி வந்து "தொடு" மாதிரி ஒரு சின்ன வேலை கேளுங்கள், செய்தவுடன் இரண்டு பேரும் சேர்ந்து டப்பாவை நோக்கி ஓடுங்கள், அங்கே கொடுங்கள். ஆரம்பத்தில் அவன் டப்பாவையே வெறித்துக்கொண்டு நிற்பான். கூப்பிடாதீர்கள், திட்டாதீர்கள், காத்திருங்கள். உங்கள் பக்கம் திரும்பிய அந்த நொடியே சம்பாத்தியம், ஓடிப்போய்க் கொடுங்கள். இது புரிந்ததும் தூரத்தைக் கூட்டுங்கள், வேலையைக் கூட்டுங்கள்: ஒரு ஜம்ப், இரண்டு ஜம்ப், ஜம்ப்-டனல்-ஜம்ப். பிறகு டப்பாவைக் கண்ணில் படாத இடத்தில், பயிற்சிக்கூடத்தின் வாசலுக்கு வெளியே, வையுங்கள். டிரையலில் ஓட்டம் முடிந்து லீஷ் போட்டு வெளியே போனதும் டப்பா இருக்கும், அதே ஏற்பாடு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: எப்போதும் தடையின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. இன்று ஏழு, அடுத்தது இரண்டு, பிறகு நான்கு, மறுபடி ஒன்று. ஏறிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் வேலை கடினமாகிறது என்பதை நாய் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது வேலை, ரிங் வாசல் சடங்கு. வாசலில் காத்திருப்பது, முந்தின நாய் வெளியே வருவது, உள்ளே நுழைவது, லீஷ் கழற்றுவது, யாரோ அதை எடுத்துக்கொண்டு போவது, ஸ்டார்ட் லைனில் அசையாமல் காத்திருக்கும் ஸ்டே, இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக, தீனியோடு, தடையே இல்லாமல் பழக்குங்கள். கிளப் நண்பர் ஒருவர் லீஷ் எடுப்பவராக வரட்டும், இன்னொருவர் தொப்பி போட்டுக்கொண்டு ஜட்ஜ் மாதிரி நடக்கட்டும், டேபிள் பக்கத்தில் வந்து எண்ணட்டும், இன்னும் இரண்டு பேர் மூலையில் நாற்காலி போட்டு உட்காரட்டும். கருப்பன் அவர்களிடம் போனால் அவர்கள் அவனைக் கொஞ்சக் கூடாது, விரட்டவும் கூடாது, சும்மா இருக்க வேண்டும். உங்களிடம் திரும்பி வந்தால் விருந்து. லீஷ் கழற்றியவுடன் சும்மா கையில் ஒரு தீனி கொடுத்து மறுபடி லீஷ் மாட்டி வெளியே கூட்டிப்போவதை மட்டும் ஒரு முழுப் பயிற்சியாகச் செய்யலாம். பார்ப்பதற்கு வீண் வேலை போல இருக்கும். லீஷ் கழன்ற நொடியில் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கிற நாய்தான் ஐந்தாவது தடையிலும் உங்களைப் பார்க்கும். வாசலிலேயே பார்வை விலகிவிட்டால் அந்த ஓட்டம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிட்டது என்பது என் அனுபவம். அதனால் டிரையலில் வாசலில் நிற்கும்போது அவன் உங்களோடு இல்லை என்று தெரிந்தால், உள்ளே போகாமல் வாசலைக் கவனிக்கும் ஸ்டூவர்டிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வருவதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கட்டிய கட்டணம் போகும், போகட்டும்.

மூன்றாவது வேலை, இடங்களை மாற்றுவது. வேறு கிளப்பின் கூடத்தை வாடகைக்கு எடுத்து ஓடுங்கள், புல், மண், செயற்கைத் தரை என்று மாற்றிப் பாருங்கள். பல கிளப்புகள் ஃபன் மேட்ச் அல்லது ஷோ அண்ட் கோ நடத்துகின்றன, டிரையல் மாதிரியே ரிங், ஆட்கள், வரிசை எல்லாம் இருக்கும், தீனியும் பொம்மையும் கொண்டுபோகலாம். யூகேஐ என்ற இன்னோர் அஜிலிட்டி அமைப்பின் டிரையல்களில் போட்டிக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் பொம்மையோடு ரிங்குக்குள் போய்ப் பயிற்சி ஓட்டம் ஓட வழி உண்டு. உங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஏகேசியிலும் ஃபிக்ஸ் அண்ட் கோ என்று ஒன்று இருக்கிறது, ஒரு தடையில் தவறினால் அதைத் திருத்திச் செய்துவிட்டுத் தொடரலாம், அந்த ஓட்டத்துக்கு க்யூ, அதாவது தகுதித் தேர்ச்சி, கிடைக்காது, அவ்வளவுதான். எந்த அமைப்பாக இருந்தாலும் விதிகள் அவ்வப்போது மாறும், பதிவு செய்யும் முன் அந்த டிரையலின் அறிவிப்பைப் படித்துவிடுங்கள். இன்னொன்று: ஒரு நாளைக்கு ஓர் ஓட்டம் போதும், அதுவும் முதலில் ஜம்பர்ஸ் பிரிவில். அங்கே ஏ-ஃப்ரேம், டாக் வாக் (உயரமான நடைப்பலகை), டீட்டர், டேபிள் கிடையாது, நிற்காமல் ஓடலாம். டேபிளில் தெரியாத ஒருவர் பக்கத்தில் நின்று எண்ணும் சங்கடமும் இல்லை.

இதிலிருந்தே உங்கள் முதல் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. தயாரிப்பு இல்லாமல் சும்மா நிறைய டிரையலில் இறக்கினால் பழகிவிடுவானா? சில நாய்கள் பழகும், பொதுவாகவே தைரியமான, உணவு என்றால் உயிரைவிடும் நாய்கள். கருப்பன் மாதிரி மூன்று முறையும் ஒரே மாதிரி தளர்ந்துபோன நாய் நாலாவது முறை அதைத்தான் இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ளும். குரலை உயர்த்தும் யோசனையை முழுவதுமாக விட்டுவிடுங்கள். ஏற்கெனவே பதறியிருக்கிற நாய்க்குக் கண்டிப்பு கூடினால் மோப்பமும் கூடும், ரிங்குக்குள் நாயை அதட்டினால் ஜட்ஜே உங்களை வெளியேற்றலாம். நாய் ஸ்டேயை உடைத்தால் உடனே ரிங்கைவிட்டுக் கூட்டிப்போவது என்று ஒரு முறை உண்டு, அதைப் பற்றி நல்ல பயிற்சியாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆவேசமாக, விளையாட்டு வெறியோடு வருகிற நாய்க்கு அது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒதுங்கப் பார்க்கிற நாய்க்கு ரிங்கைவிட்டு வெளியேறுவது தண்டனையே இல்லை, நிம்மதி. தெரியாமல் அதையே பரிசாகக் கொடுத்துவிடுவோம். மோந்து பார்க்க ஆரம்பித்தால் செய்ய வேண்டியது இதுதான்: நில்லுங்கள், மூச்சுவிடுங்கள், அவன் பக்கம் போய் மெல்லச் சேர்த்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கு எதிரே இருக்கும் ஒரே ஒரு சுலபமான ஜம்ப்பைக் காட்டுங்கள், செய்தால் பாராட்டிக்கொண்டே ஓடி வெளியே போய் டப்பாவைத் திறங்கள். க்யூ போனது போனதுதான், அன்றைக்கு அவனுக்கு அது நல்ல முடிவு.

பார்டர் கோலி விஷயத்துக்கு வருகிறேன், அந்த வார்த்தை உங்களை வருத்தியிருக்கிறது என்று தெரிகிறது. உலக சாம்பியன்ஷிப் அளவில் பெரிய நாய்கள் பிரிவில் பார்டர் கோலிதான் ஆதிக்கம் செலுத்துகிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் நிற்பது நாவிஸ் ரிங்கில். அங்கே க்வாலிஃபை ஆவதற்கு யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை, 100-க்கு 85 வாங்கினால் போதும். அப்படி மூன்று க்யூ, குறைந்தது இரண்டு ஜட்ஜ்களிடம், கிடைத்தால் பட்டம். ஆனால் கம்பி விழுந்தால் அந்த ஓட்டம் போச்சு. கலப்பின நாய்களை ஏகேசி 2010-லிருந்து அஜிலிட்டியில் சேர்த்துக்கொள்கிறது, எங்கள் கிளப்பிலேயே ஷெல்டர் நாய்கள் மாஸ்டர்ஸ் என்ற உயர்நிலை வரை போயிருக்கின்றன. இந்த விளையாட்டு எங்கே தொடங்கியது என்றும் நினைத்துப் பாருங்கள். 1978-ல் லண்டனில் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளை நேரத்தில் கூட்டத்தை உட்காரவைக்க ஏதாவது வேண்டும் என்று ஜான் வார்லி என்பவர் நினைத்தார், குதிரைகள் தடை தாண்டும் போட்டியை மனதில் வைத்து, பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரின் உதவியோடு ஒரு காட்சி ஓட்டத்தை ஏற்பாடு செய்தார். நாய்கள் குதூகலமாக ஓடுவதைப் பார்த்துத்தான் ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. ஏகேசியின் முதல் டிரையல் 1994-ல்தான் நடந்தது. புது நாய் வாங்கினாலும் ரிங்கை அதற்கும் முதலிலிருந்து கற்றுக்கொடுத்தாக வேண்டும். கற்றுக்கொடுக்காவிட்டால் பார்டர் கோலி இன்னும் வேகமாக, இன்னும் அகலமாக வட்டமடிக்கும்.

விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: சில நாய்களுக்கு ரிங் கடைசிவரை ஒத்துவருவதில்லை. வலி இல்லை, தயாரிப்பு பொறுமையாக நடந்தது, பல இடங்களில் ஃபன் மேட்ச் ஓடியாயிற்று, அப்போதும் வாசலிலேயே வால் இறங்குகிறது என்றால் நான் டிரையலை நிறுத்திவிடுவேன், வகுப்பை நிறுத்த மாட்டேன். வகுப்பில் அவன் பறக்கிறான் என்கிறீர்களே, அந்த சந்தோஷத்துக்கு ரிப்பன் தேவையில்லை. மூக்கு பலமான நாயாக இருந்தால் ஏகேசியின் சென்ட் வொர்க்கை முயன்று பாருங்கள், அங்கே மோந்து பார்ப்பதுதான் வேலை, பதற்றமுள்ள பல நாய்கள் அதில் தலைநிமிர்ந்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை மாதத்தில் தெரியும் என்று கேட்காதீர்கள், அது நாய்க்கு நாய் பெரிதும் மாறுகிறது. ஆனால் டப்பா விளையாட்டில் மாற்றம் சில வாரங்களிலேயே கண்ணில் படும், படவில்லை என்றால் தீனி போதுமான அளவு பிடித்ததாக இல்லை, அல்லது நீங்கள் படிகளைத் தாண்டிப் போகிறீர்கள்.

அடுத்த மாதம் இரண்டு நாள் டிரையலுக்கு ஏற்கெனவே பதிவு செய்துவிட்டதாகச் சொன்னீர்கள். ஓட வேண்டாம், ஆனால் போங்கள். பதிவு முடியும் தேதி தாண்டவில்லை என்றால் செயலாளருக்கு எழுதிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், தாண்டியிருந்தாலும் பரவாயில்லை. ஒரு நாள் மட்டும் போய், கார் நிறுத்தும் இடத்திலிருந்து ரிங் வாசல் தெரியும் தூரம் வரை நடந்து, அவன் சாப்பிடுகிறானா, உங்களோடு பொம்மையை இழுக்கும் டக் விளையாடுகிறானா என்று மட்டும் பாருங்கள். சாப்பிட மறுக்கிற தூரம் எதுவோ அதிலிருந்து நாலடி பின்னால் வந்து அங்கே விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அந்தத் தூரம் எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள், கூடவே பழைய மூன்று ஓட்டங்களின் வீடியோவையும், லீஷ் கழற்றுவதற்கு முந்தைய அரை நிமிடத்தையும் சேர்த்துப் போட்டால் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.